விலையும் உரிமையும்: ‘கிங்ஸ் ரான்சம்’ விவரணப் படத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

பனித்தரை ஹொக்கியை நேரிற் கண்டறியாதவன் நான். எனினும், பீற்றர் பேர்க் நெறிப்படுத்தி 2009ஆம் ஆண்டு வெளிவந்த ‘கிங்ஸ் ரான்சம்’ என்னும் விவரணப் படத்தை விடுதி அறையொன்றில் நண்பர் நால்வருடன் பார்த்த பின்னர் எழுந்த வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. அவ்வாதமே இக்கட்டுரைக்கு வித்து.

படத்தின் பொருள் ஒரு வியாபாரம். 1988ஆம் ஆண்டு ஓகஸ்ட் 9ஆம் திகதி, கனடாவின் எட்மன்ரன் ஒயிலேர்ஸ் கழகம் தன் அணித்தலைவர் வெயின் கிரெட்ஸ்கியையும் வேறு இரு வீரரையும் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸ் கழகத்திற்குக் கொடுத்தது. ஈடாகப் பெற்றவை ஜிம்மி கார்சன், மார்ட்டின் ஜெலினா என்னும் இளம் வீரர் இருவர். வருங்கால வீரர் தெரிவில் மூன்று முதற்சுற்று உரிமைகள். ஒன்றரைக் கோடி அமெரிக்க டொலர். ஐந்து ஆண்டுகளில் நான்காவது தடவையாக ஒயிலேர்ஸ் ஸ்ரான்லி கிண்ணத்தை வென்று அப்போது மூன்று மாதங்கூட நிறைந்திருக்கவில்லை. படத்தின் தலைப்பு ஒரு சிலேடை. சிறைப்பட்ட அரசனை மீட்கக் கொடுக்கும் பெருந்தொகை என்பது ஒரு பொருள்; வாங்கிய கழகத்தின் பெயரும் அதனுள் மறைந்திருக்கின்றது.

பேர்க் திறமையற்றவரல்லர். விற்கப்பட்ட கிரெட்ஸ்கி, விற்ற பீற்றர் பொக்ளிங்ரன், வாங்கிய புறூஸ் மக்னோல் ஆகிய மூவரையும் அவர் பேசவைக்கின்றார். கோல்ஃப் மைதானத்திற் கிரெட்ஸ்கியுடன் உரையாடுமிடத்து, இருபது ஆண்டுகளின் பின்னரும் முற்றாக ஆறாத ஏதோவொன்றை நாம் உணர்கின்றோம். அழமாட்டேன் என்று சக வீரர் மார்க் மெசியருக்கு வாக்களித்திருந்ததாகச் சொல்லியவாறே செய்தியாளர் முன் அவர் உடைந்துபோன அந்தப் பழைய காட்சி எவரையும் தொடும். ஆயின் இம்மூவரும் பேரத்தில் ஈடுபட்டோர். ஏதோவொரு வகையில் அதனாற் பயன்பெற்றோர். பயனெதுவும் பெறாத நான்காமவன் ஒருவன் உளன். அவன் இரசிகன். அவனுக்குப் படம் ஒதுக்கும் இடம் கூட்டத்துள் ஒரு முகம் என்ற அளவே. இதுவே இப்படத்தின் அடிப்படைக் குறைபாடு என்பது என் கருத்து.

இவ்விடத்திலேதான் நண்பர் ஒருவர் குறுக்கிட்டார். “காசுக்கு ஆடுபவன் காசுக்கு விலைபோனான்; இதிற் கண்ணீருக்கு என்ன இடம்?” என்றார். மனிதனைப் பண்டமாக்கும் அமைப்பின்மீது எழவேண்டிய சினம் ஒரு தனியாளின் மேலான பாசமாகத் திசைதிரும்புகிறது. எனவே இரசிகனது துயர் போலி உணர்வு என்பது அவரது வாதம். நமது கருத்தரங்குகளில் இவ்வகை விளக்கம் பழக்கமானது, இலகுவானதுங்கூட. அதில் உண்மை இல்லாமலில்லை. கிரெட்ஸ்கி எட்மன்ரனிற் பிறந்தவரல்லர். 1978இல் இண்டியனாபொலிஸ் கழகத்திலிருந்து பொக்ளிங்ரன் வாங்கியவர். தமது பதினெட்டாவது பிறந்தநாளான 1979 ஜனவரி 26ஆம் திகதி, ஆடுகளத்தின் நடுவிலே இரசிகர் முன்னிலையில் 21 ஆண்டு ஒப்பந்தம் ஒன்றில் அவர் கையொப்பமிட்டார். அது தனிப்பட்ட சேவை ஒப்பந்தம். அதாவது கழகத்துக்கன்றி உரிமையாளருக்கே கட்டுப்பட்டது. வாங்கும்போது கொண்டாடியவன் விற்கும்போது அழுவது முரணன்றோ?

முரண்தான். ஆனால் முரணான உணர்வெல்லாம் போலியாகிவிடாது. வாங்கிவந்த பண்டம் எவ்வாறு உறவாயிற்று என்பதை நண்பர் கேட்கவில்லை, படமும் கேட்கவில்லை. அதற்குப் பத்துக் குளிர்காலங்கள் சென்றன. அப்பத்திலும் இரசிகன் செலுத்தியது நுழைவுச்சீட்டுப் பணம் மட்டுமன்று. வேலைத்தலத்துப் பேச்சு, வீட்டு மேசைச் சண்டை, மகனின் சட்டை முதுகில் 99 என்னும் இலக்கம், ‘எங்கள்’ என்ற சொல் ஆகிய யாவும் அவன் இட்ட முதல். இவை எந்தக் கணக்கேட்டிலும் வரவாகவில்லை. பொக்ளிங்ரன் விற்ற பொருளின் ஒரு பகுதியை ஆக்கியவன் அவன். விற்பனையில் அவனுக்குப் பங்குமில்லை, சொல்லுமில்லை. புதிய ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் நெல்சன் றீஸ் இப்பரிமாற்றத்தை அரசாங்கம் தடுக்கவேண்டுமெனக் கேட்டதை வேடிக்கையெனத் தள்ளிவிடலாம். அதனுள்ளே ஒரு நேர்மையான கேள்வி கிடக்கிறது. ஓர் ஊரே சேர்ந்து ஆக்கிய ஒன்றுக்கு ஒருவர் மட்டும் உரிமையாளராவது எங்ஙனம்?

இரசிகனைத் தூயவனாக்கிக் காட்டவும் நான் விரும்பவில்லை. பொக்ளிங்ரனின் கொடும்பாவியை எரித்த அதே சினம், அவ்வாண்டு ஜூலையிற் கிரெட்ஸ்கி மணந்த அமெரிக்க நடிகை ஜனற் ஜோன்ஸ் மீதும் பாய்ந்தது. கணக்கேட்டை வாசிப்பதிலும் மணப்பெண்ணைப் பழிப்பது இலகு. மேலும், முந்திய பருவத்தில் லொஸ் ஏஞ்சலிசுக்காக 55 கோல்கள் அடித்த கார்சனுக்கு அப்போது இருபதே வயது. அவரை இழந்த அந்நகரத்து இரசிகரைப் பற்றி எட்மன்ரனில் எவர் எண்ணியிருப்பர்? நானும் இரண்டாந் தடவை படத்தைப் பார்த்தபோதுதான் எண்ணினேன்.

1989 ஒக்ரோபர் 15ஆம் திகதி, கிங்ஸ் உடையணிந்த கிரெட்ஸ்கி எட்மன்ரனில் ஆடினார். கோர்டி ஹாவின் 1,850 புள்ளிச் சாதனையை முறியடித்த கோலை அவர் அடித்தபோது ஆட்டம் முடிய ஒரு நிமிடமும் இருக்கவில்லை. ஒயிலேர்சின் கைக்கெட்டிய வெற்றியை அக்கோல் பறித்தது. அரங்கோ எழுந்து நின்று ஆரவாரித்தது. மேலதிக நேரத்தில் வெற்றிக் கோலையும் அவரே அடித்தார். தம் கழகத்துக்கு எதிராக விழுந்த கோலுக்கு எழுந்து நின்ற அம்மக்களைப் ‘போலி உணர்வு’ என்ற பெட்டிக்குள் எவ்வாறு அடைப்பது?

அடுத்த ஆண்டு, 1990இல், கிரெட்ஸ்கி இன்றியே ஒயிலேர்ஸ் மீண்டும் கிண்ணத்தை வென்றது. அவ்வணியில் ஜெலினா இருந்தார். விலையின் ஒரு கூறாக வந்தவர். அவரையும் ஊர் தன்னவராக ஏற்றுக்கொண்டது. நண்பரிடம் இதனைச் சொன்னேன். “அப்படியானால் அவரை விற்கும்போதும் அழுவார்கள்” என்று சிரித்தார். 1993இல் ஜெலினாவும் கியூபெக் கழகத்திற்குக் கைமாறினார். எட்மன்ரனில் ஒரு சிறுவனேனும் அன்றிரவு உண்ண மறுத்திருப்பான் என்றே நான் நம்புகின்றேன். நண்பர் நம்பவில்லை.