ஒரு மீட்டர் துணி, ஒரே நாடா

ரவிக்கை தைப்பவர் உடம்பை அளக்கிறார். ஏப்ரன் தைப்பவர் அளக்க வேண்டியது வேலையை. அதைக் கட்டிக்கொள்ளப் போகிறவர் அடுப்புக்கு எவ்வளவு நெருங்கி நிற்கிறார், ஈரக் கையை எங்கே துடைக்கிறார், கீரை ஆய நாற்காலியில் உட்காருவாரா தரையிலா, கை முதுகுப் பக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதையெல்லாம் நாலு நாள் பார்த்துவிட்டுத்தான் இன்ச் டேப்பைக் கையில் எடுக்க வேண்டும். கடையில் ஒரே அளவில் வாங்கியதைக் கட்டினால் ஒருவருக்கு மார்புத் துணி தாடையை முட்டும். இன்னொருவருக்கு அது வயிற்றில் தொங்கும்.

நம் அடுப்படிக்கு ஏப்ரன் புதுசு. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிவிட்டால் வேலை முடிந்தது. கை துடைக்க அதுதான், சூடான சட்டியை இறக்க அதுதான், முருங்கைக் கீரையை உருவிப்போட மடியும் அதுதான். கல்யாணச் சமையல்காரர்களுக்கு இடுப்புத் துண்டு. ஜப்பானியப் பெண்களுக்குக் கிமோனோவின் அகலக் கைகள் சமையலில் பெரும் தொல்லையாக இருந்ததால், 1902இல் தோக்கியோவின் அகாபோரி சமையல் பள்ளியில் கை வைத்த ‘கப்போகி’ மேலங்கியை உருவாக்கினார்கள். சேலைக்கு அப்படி எதுவும் தேவைப்படவில்லை.

சேலையின் இடத்தில் நைட்டி வந்த பிறகுதான் சிக்கல் ஆரம்பித்தது. நைட்டிக்கு முந்தானை கிடையாது. போதாக்குறைக்குப் பல நைட்டிகள் பாலியெஸ்டர் கலந்தவை. தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் எரியும்தான், ஆனால் உருகி ஒட்டாது. இத்தனைக்கும் நாங்கள் இருப்பது கரூருக்குப் பக்கம். சமையலறைத் துண்டும் அடுப்புக் கையுறையும் ஏப்ரனும் கப்பல் கப்பலாக வெளிநாடு போகிற ஊர் அது. இந்தப் பக்கம் எத்தனையோ பேர் ஏப்ரன் தைத்துக் கூலி வாங்கியிருக்கிறார்கள். கட்டிச் சமைத்தவர்களைத்தான் தேட வேண்டும்.

நான் தைத்தது அத்தைக்கு. தீபாவளி வந்தால் முறுக்கு, கச்சாயம் எல்லாம் அவர் கைதான். வாணலிக்கு முன்னால் மணிக்கணக்கில் நிற்பார். வலது தோள் இறுகிப்போய், கையை முதுகுக்குக் கொண்டுபோக முடியாது. பின்னால் முடிச்சுப் போடுகிற ஏப்ரன் அவருக்கு ஆகாது. கழுத்து வளையம் அளவெடுத்துத் தைத்ததாக இருந்தால் கொண்டையில் மாட்டும். கொண்டைக்கு இடம் கொடுத்துத் தைத்தால் மார்புத் துணி இறங்கிவிடும். இந்த இரண்டு தொல்லைக்கும் ஒரே தீர்வாக ஒரு பழைய வடிவம் உண்டு. ஏப்ரன்களிலேயே அழகானது அதுதான் என்பது என் கட்சி.

அதில் கழுத்துப் பட்டியும் இடுப்புக் கயிறும் தனித்தனி இல்லை. மார்புக்கும் இடுப்புக்கும் நடுவே சரிந்து இறங்கும் இரண்டு ஓரங்களையும் மடித்துக் குழல் மாதிரி தைத்துவிட வேண்டும். ஒரே நீள நாடா ஒரு குழலில் கீழிருந்து ஏறி, கழுத்தைச் சுற்றி, மறு குழல் வழியே இறங்கும். தளர்த்தித் தலைவழியே மாட்டிக்கொண்டு இரு முனைகளையும் இழுத்தால் மார்புத் துணி தானாக மேலே ஏறி, வேண்டிய உயரத்தில் நிற்கும். பாவாடைக்கு நாடா கோர்க்கத் தெரிந்த எந்த வீட்டிலும் இதைத் தைத்துவிடலாம்.

இதில் இன்னொரு நன்மை உண்டு. சாதாரண ஏப்ரனில் கயிற்றை இடுப்பு மூலையில் வைத்துத் தைத்திருப்பார்கள். இழுப்பு முழுவதும் அந்த ஒரு அங்குலத்தில் விழுவதால் முதலில் கிழிவதும் அங்கேதான். பெட்டி போட்டு நடுவில் பெருக்கல் குறி அடித்தாலும் தையல் தாங்கும், துணி தாங்காது. கோர்த்த நாடாவுக்குத் துணியோடு தையலே இல்லை. இழுப்பு குழல் முழுக்கப் பரவிவிடுகிறது.

துணி, கட்டம் போட்ட கைத்தறிப் பருத்தி. 44 அங்குலப் பன்னாவில் ஒரு மீட்டர். கட்டத் துணியை நான் விரும்புவது அழகுக்காக மட்டுமல்ல. பாவும் ஊடையும் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று அது கண்ணுக்கு நேராகக் காட்டிவிடும்; வெட்டுக்குக் கோடு போட வேண்டிய வேலை பாதி மிச்சம். ஓரம் கோணலாக இருந்தால் கத்தரியால் ஒரு சின்ன வெட்டுக் கொடுத்து, ஜவுளிக்கடைக்காரர் செய்வது போல ‘டர்ர்’ரென்று கிழித்துவிட வேண்டியதுதான். சாதா நெசவு இழையோடுதான் கிழியும். அதைவிட நேரான கோட்டை எந்த ஸ்கேலும் தராது. வெட்டுவதற்கு முன்பே துணியையும் நாடாவையும் ஓர் இரவு ஊறவைத்து, அலசிக் காயவைத்து இஸ்திரி போட்டுவிட வேண்டும். பருத்தி சுருங்கத்தான் செய்யும். தைப்பதற்கு முன்னால் சுருங்கிவிட்டால் நல்லது. தைத்த பிறகு துணி ஒரு கணக்கிலும் நாடா ஒரு கணக்கிலும் சுருங்கினால் குழல் கொசகொசவென்று சுருக்கம் விழுந்து நிற்கும்.

வெட்டு எளிது. 30 அங்குல அகலத் துண்டை நீளவாக்கில் இரண்டாக மடித்து, மேலே மடிப்பிலிருந்து 6 அங்குலத்தில் ஒரு புள்ளி. திறந்த ஓரத்தில், மேலிருந்து 10 அங்குலம் கீழே இன்னொரு புள்ளி. இரண்டையும் நேர்கோட்டால் இணைத்து வெட்டினால் உருவம் வந்துவிட்டது. ஓரம் அடித்து முடிந்ததும் கீழ் அகலம் 28 அங்குலம் நிற்கும். நின்று சமைக்க இவ்வளவு வேண்டாம். தரையில் உட்கார்ந்து கீரை உருவ மடி வேண்டுமென்றால் இவ்வளவு வேண்டும். நீளம் முழங்காலுக்கு நாலு விரல் கீழே. அதற்கு மேல் போனால் மணையிலிருந்து எழும்போது காலடியில் மிதிபடும்.

பார்க்கச் சாதுவாக இருக்கும் அந்தச் சரிந்த ஓரத்தில்தான் தைப்பவரின் கை தெரியும். பாவு வழியாகத் துணியை இழுத்துப் பாருங்கள், அசையாது. ஊடை வழியாக இழுத்தாலும் கொஞ்சம்தான். மூலைவாட்டில் இழுத்தால் ரப்பராக நீளும். தையல்காரர்கள் ‘கிராஸ்’ என்று சொல்வது இதைத்தான். நம் ஏப்ரனின் சரிவு 9க்கு 10 என்று இறங்குகிறது. ஏறக்குறைய முழுக் கிராஸ். வெட்டிய கையோடு அதைப் பிடித்துத் தூக்கினாலே ஓரம் அரை அங்குலம் வளர்ந்து அலையடிக்கும். அந்த அலையை அப்படியே மடித்துத் தைத்தால் குழல் முறுக்கிக்கொள்ளும். நாடா நடுவில் சிக்கும்.

அதனால் வெட்டியதும் துணியைத் தூக்காமல், மேஜையில் கிடந்த வாக்கிலேயே மிஷினுக்கு நகர்த்தி, ஓரத்திலிருந்து ஒரு நூல் கனத்தில் ஒற்றைத் தையல் ஓட்டிவிடுவேன். வெளியே தெரியாத தையல், அழகுக்கும் உதவாது. ஓரம் இனி வளராது, அவ்வளவுதான். பிறகு மேல் ஓரத்தையும் பக்க ஓரங்களையும் இரட்டை மடிப்பாக அடித்துவிட்டு, சரிவைக் கடைசியில் மடிக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் குழலின் வாய் மூடிப்போகும். முதலில் கால் அங்குலம், பிறகு ஒன்றரை அங்குலம். மடிப்பை இழுத்துத் தேய்க்காமல் இஸ்திரிப்பெட்டியைத் தூக்கித் தூக்கி வைத்து அழுத்த வேண்டும். தேய்த்தால் கிராஸ் மறுபடி நீளும். அங்குலத்துக்குப் பத்துத் தையல், 16ஆம் நம்பர் ஊசி, குழலின் இரு வாயிலும் முன்னும் பின்னுமாக ஒரு லாக். தைத்து முடித்த சரிவைத் திருப்பிப் பார்த்தால் கட்டங்கள் சாய்ந்து ஓடி மடிப்புக்குள் மறையும் இடம் ஒரே சீராக இருக்கும். நல்ல தையலை நான் அடையாளம் காண்பது இந்தப் பின்பக்கத்தில்தான்.

மேல் பக்கம் மிஞ்சும் இரண்டு முக்கோணங்களைக் குப்பையில் போடக்கூடாது. கைத்தறிக்கு இருபுறமும் ஒரே முகம். ஒன்றைப் புரட்டி நீள ஓரத்தோடு சேர்த்தால் செவ்வகம். உள்ளே பழைய துண்டை வைத்துத் தைத்தால் கைப்பிடித்துணி தயார். பக்கத்தில் மிஞ்சிய பட்டையிலிருந்து பை. அத்தை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் இடது கையால்தான் வைப்பார். ஆகவே பை இடப்பக்கம், கண்ணாடிக்கு ஒடுக்கமாக ஒரு தடுப்பு. பையின் மேல் மூலைகள் இரண்டிலும் சின்ன முக்கோணத் தையல். பூவேலை, ஃப்ரில் எதுவும் வைக்கவில்லை. அடுப்புப் பக்கத்தில் தொங்கும் எதுவும் எனக்குப் பிடிக்காது.

இவ்வளவும் மிஷினில் தைத்ததுதான். யந்திரங்களைக் கடுமையாகச் சாடிய காந்திகூடத் தையல் மிஷினுக்கு விலக்குக் கொடுத்தார். 1924இல் இதைப் பற்றி அவரைக் குடைந்து கேட்டவர், பின்னாளில் சௌந்தரம் அம்மையாரோடு திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தை உருவாக்கிய ஜி. ராமச்சந்திரன். மனைவி கையால் தைத்துச் சிரமப்படுவதைப் பார்த்து, அன்பினால் சிங்கர் அதை உருவாக்கினார் என்பது காந்தி சொன்ன காரணம். 1851இல் காப்புரிமை வாங்கிய ஐசக் சிங்கரோ பல குடும்பங்களும் இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுமாக வாழ்ந்த மனிதர், காசில் குறியானவர். மிஷின் பிறந்த கதையை விடுங்கள். அது வீட்டுக்குள் வந்த பிறகு நடந்ததைப் பார்த்தால் காந்தி பக்கம்தான் நான் சாய்வேன்.

இனி நாடா. மூன்றேகால் மீட்டர், ஓர் அங்குல அகலப் பருத்தி. சுருங்குவது போகக் கழுத்துக்கு 24 அங்குலம், இரண்டு குழலுக்கும் சேர்த்து 24, இரு பக்கமும் கட்டுவதற்குத் தலா 36. ஊக்கில் கோத்து ஏற்றி இறக்கிவிட்டால் முடிந்தது. ஒரு பக்கத்து 36 எதற்கு என்றால், முதுகைக் கடந்து மறுபக்கம் வழியே முன்னால் வந்து வயிற்றில் முடிச்சுப் போடுவதற்கு. கையை வளைக்க வேண்டியதில்லை. முதுகில் குறுக்கே போகும் நாடாவை மட்டும் நான் எடுத்துக் கொடுத்தேன்; இரண்டாம் நாள் அதையும் அவரே ஒரு சுழற்றலில் பிடிக்கக் கற்றுக்கொண்டார்.

“ஏன் கண்ணு, இதைக் கட்டிக்கிட்டு நானென்ன ஓட்டல் வேலைக்கா போறேன்?” என்றுதான் முதலில் கேட்டார். கச்சாயம் சுட்ட அன்று மாவும் எண்ணெயும் மஞ்சளும் எல்லாம் ஏப்ரனில்தான். மஞ்சள் கறைக்குச் சோப்பைப் போட்டதும் சிவந்துபோய்ப் பயமுறுத்தும்; கவலைப்பட ஒன்றுமில்லை, நன்றாக அலசி நல்ல வெயிலில் போட்டால் சாயங்காலத்துக்குள் வெளிறத் தொடங்கும். நாடா அழுக்கானால் அதை மட்டும் உருவித் தனியே துவைக்கலாம். உருவுவதற்கு முன் அதன் முனையில் புது நாடாவை ஊக்கால் பிணைத்துவிட்டால், பழையது வெளியே வரும்போதே புதியது உள்ளே போய்விடும்.