கான்செப்ட் என்ன தம்பி?

உங்கள் வீட்டை வடிவமைத்த ஆர்க்கிடெக்ட் யார்?

ரொம்ப யோசிக்காதீர்கள். பெரும்பாலும் அப்படி ஒருவர் இருந்திருக்கவே மாட்டார். ஒரு இன்ஜினீயர் ப்ளான் போட்டிருப்பார். மேஸ்திரி அதைத் தன் வசதிக்கு மாற்றியிருப்பார். கடைசி நேரத்தில் ஒரு வாஸ்து நிபுணர் வந்து சமையலறையைத் தென்கிழக்கு மூலைக்குத் தள்ளியிருப்பார். ஆயிற்று, கிரகப்பிரவேசம்!

இதில் சட்ட விரோதம் எதுவும் இல்லை. 1972-ல் வந்த ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம் பாதுகாப்பது 'ஆர்க்கிடெக்ட்' என்கிற பட்டத்தைத்தான், அந்தத் தொழிலை அல்ல என்று 2020 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. அதாவது, நீங்களோ நானோ நமக்குத் தெரிந்தபடி வீட்டுக்கு டிசைன் போடலாம். பெயருக்கு முன்னால் 'ஆர்க்கிடெக்ட்' என்று மட்டும் போட்டுக்கொள்ளக் கூடாது. ஆக, பி.ஆர்க். என்பது அந்த ஒரு வார்த்தைக்காகப் படிக்கப்படுகிற ஐந்து வருஷப் படிப்பு என்று ஒரு குறும்புக்காரர் சொன்னால், மறுப்பது கொஞ்சம் கஷ்டம்.

அப்படியானால் அந்த ஐந்து வருஷத்தில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்?

நான் பி.காம்.காரன். மூன்று வருஷம், ஒரு கால்குலேட்டர், தேர்வுக்கு முந்தின வாரம் மட்டும் கண் விழிப்பு. ஆர்க்கிடெக்சர் பிள்ளைகளைப் பார்த்தால் பாவமாக இருக்கும். வருஷம் முழுக்கக் கண் விழிப்பு! சென்னைக்கு வெளியே ஒரு கல்லூரியில் 'ஜூரி' நடக்கிறது, வந்து பாருங்கள் என்று நண்பர் ஒருவர் கூப்பிட்டதால் போயிருந்தேன். மாணவர்கள் வரைபடங்களைச் சுவரில் மாட்டி, மாடலை மேஜையில் வைத்துவிட்டு நிற்க, வெளியிலிருந்து வந்த பெரியவர்கள் கேள்வி கேட்டு மார்க் போடுவதற்குத்தான் ஜூரி என்று பெயர். மூன்று ராத்திரி தூங்காத கண்கள், ஃபெவிகால் காய்ந்த விரல்கள். ஒரு பெண் நின்றபடியே தூங்கினாள்.

கொடுத்திருந்த வேலை, தென் மாவட்ட ஊர் ஒன்றுக்கு பஸ் ஸ்டாண்ட். முதலில் வந்த பையனிடம் ஒரு ஜூரி கேட்ட முதல் கேள்வி: ''கான்செப்ட் என்ன தம்பி?''

''சங்கு சார்!''

சங்கு போலவே சுருண்டு மேலே ஏறும் கூரை. வெள்ளை போர்டில் அழகாக வெட்டி ஒட்டியிருந்தான். கையெடுத்துக் கும்பிடலாம் போல ஒரு வேலைப்பாடு. எல்லோரும் தலையாட்டினார்கள். ஓரமாக உட்கார்ந்திருந்த வயதான ஆர்க்கிடெக்ட் மட்டும், ''மழை எந்தப் பக்கத்துலேர்ந்துப்பா அடிக்கும்? கூடையோட வர்ற கிழவி எங்க உக்காருவா?'' என்றார். பையன் மாடலைப் பார்த்தான். மாடலில் கிழவி இல்லை.

அடுத்து வந்த பெண்ணுக்குக் கான்செப்ட்டே கிடையாது. அவள் அந்த ஊருக்கே போய், காலையிலிருந்து சாயந்திரம் வரை பஸ்களை எண்ணியிருக்கிறாள். மத்தியானம் ரெண்டு மணிக்கு ஜனங்கள் எந்தச் சுவர் நிழலில் ஒதுங்குகிறார்கள் என்று குறித்திருக்கிறாள். அவள் போட்ட கூரை சாதாரண ஓட்டுக்கூரை. மேற்கில் நீட்டமாக இறங்கியிருந்தது. 'இன்னும் கொஞ்சம் போல்டா யோசிச்சிருக்கலாம்' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மார்க்? சங்குக்குத்தான் அதிகம்.

பையன் மேல் எனக்கு வருத்தமில்லை. எதற்கு மார்க் விழும் என்று புரிந்துகொண்டவன் அவன். வருத்தமெல்லாம் மார்க் போட்டவர்கள் மேல்தான்.

பாடத்திட்டத்தை எடுத்துப் பார்த்தால் குறையே சொல்ல முடியாது. பேஸிக் டிசைன் இருக்கிறது. கட்டடக்கலை வரலாறு இருக்கிறது. கட்டுமானப் பொருட்கள், க்ளைமேட், எஸ்டிமேஷன், ஸ்ட்ரக்சர் எல்லாம் இருக்கின்றன. ஆனால், எல்லாம் தனித்தனி டப்பாக்களில்! க்ளைமேட் பேப்பரில் எண்பது மார்க் வாங்கிய பையன், அடுத்த செமஸ்டர் டிசைனில் மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி வைக்கிறான். ஏனென்றால், க்ளைமேட் போன செமஸ்டரோடு முடிந்துபோயிற்று. எஸ்டிமேஷன் பரீட்சையில் செங்கல் கணக்கைப் பைசா சுத்தமாகப் போடுகிறவன், தன் சங்குக் கூரைக்கு எத்தனை கோடி ஆகும் என்று ஒரு நாளும் கணக்குப் போடுவதில்லை. (காமர்ஸ் படித்தவனுக்கு இந்த இடத்தில்தான் ரத்தக் கொதிப்பு ஏறும்.)

பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு தடவை போய் வாருங்கள். பளபளவென்று கண்ணாடி மாளிகைகள். வெயிலை உள்ளே விட்டுவிட்டு, அதை வெளியே துரத்த ராட்சத ஏ.ஸி.க்கள். இதே ஊரில்தான் மரச் சட்டங்களின் மேல் சின்னச் செங்கற்களைச் சாய்வாக அடுக்கி, சுண்ணாம்புக் காரையில் மெட்ராஸ் டெரஸ் போட்டார்கள். திண்ணையும் முற்றமும் வைத்தார்கள். அவற்றையெல்லாம் வரலாற்றுப் பாடத்தில் படம் வரைந்து பாஸ் பண்ணியவர்களில் சிலர்தான் இந்தக் கண்ணாடிகளையும் வரைந்திருப்பார்கள்.

அந்தச் சாலையில் இன்னும் தெற்கே போனால் மாமல்லபுரமே வந்துவிடும். அங்கே இன்னொரு கல்லூரி இருக்கிறது. கிண்டியில் இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் பகுதியாக இருக்கும் கட்டடக்கலைப் பள்ளி 1957-ல் தொடங்கியது. மாமல்லபுரத்தில் அரசு சிற்பக் கல்வி தொடங்கியதும் அதே 1957-ல்தான். ஒரே வயது. நடுவே சுமார் ஐம்பது கிலோமீட்டர். ஆனால், ஒருவரையொருவர் தெரியாத அண்ணன் தம்பிகள்!

மாமல்லபுரத்தில் மரபுக் கட்டடக்கலைக்கு பி.டெக். இருக்கிறது. சிற்பத்துக்கும் ஓவியத்துக்கும் பி.எஃப்.ஏ. உண்டு. அங்கே பிள்ளைகள் உளியும் சுத்தியலுமாக உட்காருகிறார்கள். எந்தக் கல் தட்டினால் மணி போல ஒலிக்கும், எது 'தொக்'கென்று சொல்லும் என்பது காதுக்கு வருகிறது. இந்தக் கல்லூரியில் நீண்ட காலம் முதல்வராக இருந்தவர் வை.கணபதி ஸ்தபதி. கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவரை நிறுத்தியவர். 38 அடி பீடம், 95 அடி சிலை, உள்ளே கூடு, இடுப்பில் லேசான ஒடிவு. 2000 ஜனவரி 1-ல் திறந்தார்கள். 2004 சுனாமி வந்து போனது, வள்ளுவர் அசையவில்லை. ஸ்ட்ரக்சர் படிப்பில் இதைவிடப் பெரிய ப்ராக்டிகல் வைவா உண்டா?

அதற்காக மாமல்லபுரத்தைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் நான் தயாரில்லை. அங்கே இதற்கு நேரெதிர் நோய். கோயில், கோயில், கோயில். சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ கோயில் கட்டவேண்டுமா, ஸ்தபதியைக் கூப்பிடுகிறார்கள். முந்நூறு சதுர அடியில் ஒரு குடும்பம் வெந்து சாகாமல் வாழ வீடு வேண்டுமா? ஸ்தபதி ஞாபகம் யாருக்கும் வருவதில்லை, ஸ்தபதிக்கும் வருவதில்லை. ஆயிரம் வருஷமாகக் கல்லைப் படித்த அறிவு, கர்ப்பகிரகத்தை விட்டு வெளியே வர மறுக்கிறது. ஒரு பக்கம் கையில்லாத தலை, இன்னொரு பக்கம் தெருவைப் பார்க்காத கை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்த ஆசாமிகள் உலகத்தில் இல்லாமல் இல்லை. ஜெர்மனியின் வைமார் நகரத்தில் 1919-ல் வால்டர் க்ரோப்பியஸ் 'பௌஹவுஸ்' என்று ஒரு பள்ளி ஆரம்பித்தார். அங்கே பட்டறைக்கு இரண்டு வாத்தியார்கள். ஒருவர் ஓவியர், வடிவம் சொல்லித்தர. இன்னொருவர் கைவினைஞர், தச்சரோ நெசவாளரோ, பொருளைச் சொல்லித்தர. இதில் வேடிக்கை, பெயரிலேயே கட்டடத்தை வைத்துக்கொண்டிருந்த அந்தப் பள்ளியில் கட்டடக்கலைக்கென்று தனித் துறை வந்தது 1927-ல்தான். முதல் எட்டு வருஷம் மரம், உலோகம், நூல், களிமண்! 1933-ல் நாஜிகளின் நெருக்கடியில் பள்ளியை மூடினார்கள். அந்த வெள்ளைச் சுவரும் தட்டைக் கூரையும் மட்டும் உலகம் முழுக்கப் பரவின. நம் கல்லூரிகள் அந்தக் கூரையை இறக்குமதி செய்தன. தச்சரை இறக்குமதி செய்யவில்லை. அவர் இங்கேயே இருந்தார் என்பது வேறு விஷயம்.

அகமதாபாத்தில் பி.வி.தோஷி 1962-ல் தொடங்கிய கட்டடக்கலைப் பள்ளி இன்று செப்ட் பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கிறது. 1982-லிருந்து கட்டுமானத் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு பள்ளி அதே வளாகத்தில் இருக்கிறது. தோஷிக்கு 2018-ல் பிரிட்ஸ்கர் விருது கிடைத்தது. அதை வாங்கிய முதல் இந்தியர். லாரி பேக்கர் பர்மிங்காமில் முறையாகக் கட்டடக்கலை படித்தவர்தான். ஆனால், செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவில் காற்றுக்கு இடம் விடும் 'எலிப்பொறி'க் கட்டைக் கேரளா முழுக்கப் பிரபலமாக்கும்போது, கொத்தனாருக்குப் பக்கத்தில் நின்றார். அந்தச் சுவரில் கால்வாசிச் செங்கல் மிச்சம், வீட்டுக்குள் சூடும் குறைவு. ஒரு செங்கல்லின் எடை கைக்குத் தெரியாமல் இந்தக் கணக்கு மூளைக்கு வராது.

இங்கே கொத்தனாரைக் கல்லூரிக்குள் விடுவதற்கே என்ன தடை என்று ஒரு பேராசிரியரிடம் கேட்டேன். ''அவருக்கு டிகிரி இல்லையே சார். எந்தத் தலைப்புல சம்பளம் எழுதறது?'' என்றார். சீரியஸாகத்தான் சொன்னார்.

உங்கள் பெண்ணோ பையனோ 'நாட்டா' நுழைவுத் தேர்வு எழுதிவிட்டு, கல்லூரி பார்க்க உங்களை இழுத்துக்கொண்டு போவார்கள். ஏ.ஸி. கம்ப்யூட்டர் லேபைக் காட்டுவார்கள். த்ரீ-டி ப்ரின்டர் காட்டுவார்கள். எல்லாவற்றையும் மரியாதையாகப் பாருங்கள். அப்புறம், ''பிள்ளைங்க சுவர் கட்டிப் பழகற இடம் எங்கே?'' என்று கேளுங்கள். கூட வருகிறவர் முழித்தால், விடாதீர்கள். பின்பக்கமாக நடந்து போய் நீங்களே தேடுங்கள். சாந்து காய்ந்த கரணை, ரசமட்டம், பிள்ளைகள் கட்டி இடித்த அரைச் சுவர் ஒன்றாவது கண்ணில் படுகிறதா என்று பார்த்துவிட்டு, அதற்கப்புறம் ஃபீஸ் கவுன்ட்டருக்கு வாருங்கள்.