டேட் போர்க்களமும் அதன் நினைவுச்சின்னங்களும்: ஒரு திறனாய்வு நோக்கு

போர்க்களத்தில் எழுப்பப்படும் நினைவுச்சின்னம் இறந்தோர்க்குச் செலுத்தப்படும் அஞ்சலி மட்டுமன்று. நிகழ்ந்ததனை இன்னவாறு நினைவிற் கொள்க எனப் பின்வரும் தலைமுறைக்கு விதிக்கப்படும் கூற்றுமாகும். எனவே, ஓர் இலக்கியப் படைப்பில் யார் பேசுகின்றனர், யாரைப் பற்றிப் பேசுகின்றனர், எதனைப் பேசாது விடுகின்றனர் என நாம் வினவுவது போன்றே, கல்லை நோக்கியும் வினவுதல் பொருத்தமுடையதாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் புளோரிடா மாநிலத்தில், புஷ்னெல் என்னும் ஊரில் அமைந்துள்ள டேட் போர்க்களத்தை இவ்வினாக்களுடன் அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நிகழ்ச்சியின் பின்னணியைச் சுருக்கமாக நோக்குவோம். 1830 இல் நிறைவேறிய அகற்றற் சட்டம், பூர்வீகக் குடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே பெயர்த்துவிட வழிவகுத்தது. 1832 இல் பேயின்ஸ் லாண்டிங்கில் செய்யப்பட்ட உடன்படிக்கை செமினோல் மக்களையும் இதற்கு உட்படுத்த முயன்றது; அவர்தம் தலைவர் பலர் அதனை ஏற்க மறுத்தனர். நிலத்தின் மீதான வேட்கையோடு பிறிதொரு காரணமும் இருந்தது. தோட்டங்களிலிருந்து தப்பியோடிய கறுப்பின அடிமைகள் செமினோல் மக்களிடையே புகலிடம் பெற்றிருந்தனர். அவர்களை மீண்டும் கைப்பற்ற வேண்டும் என்பது தோட்ட முதலாளிகளின் இடையறாத கோரிக்கையாயிற்று.

இச்சூழலில், தம்பாக் குடாவின் புறூக் கோட்டையிலிருந்து கிங் கோட்டைக்கு மேஜர் பிரான்சிஸ் டேட்டின் தலைமையில் நூற்றுக்குச் சற்று மேற்பட்ட படையினர் பீரங்கியொன்றுடன் புறப்பட்டனர். 1835 டிசெம்பர் 28 ஆந் திகதி காலை, மிக்கனோப்பி, ஜம்பர், அலிகேட்டர் ஆகியோர் தலைமையில் ஏறத்தாழ 180 செமினோல் வீரர் பதுங்கியிருந்து அவர்களைத் தாக்கினர். முதல் வேட்டுக்களிலேயே டேட் வீழ்ந்தார். எஞ்சியோர் பைன் மரங்களை வெட்டி அரண் அமைத்துப் போரிட்டும் பயனில்லாது போயிற்று. ஒரு சிலரே உயிர் தப்பினர். அதே நாளில் கிங் கோட்டையருகே ஒசியோலாவும் அவருடன் சென்றோரும் அரசாங்க முகவர் வைலி தொம்சனைக் கொன்றனர். 1842 வரை நீடித்த இரண்டாவது செமினோல் யுத்தத்தின் தொடக்கம் இதுவேயாகும்.

இறந்தோரின் உடல்கள் 1836 பெப்ரவரியிற்றான் களத்திற் புதைக்கப்பட்டன. 1842 இல் அவை அகழ்ந்தெடுக்கப்பட்டு, சென். ஒகஸ்தீன் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, சிப்பிப் பாறையாலான மூன்று கூம்பகங்களின் கீழ் அடக்கஞ் செய்யப்பட்டன. யுத்தம் முடிந்ததென இராணுவம் அறிவித்த அதே ஓகஸ்ட் மாதத்திலேயே இச்சடங்கு நிகழ்ந்தமை மனங்கொள்ளத்தக்கது. இறந்தோரை அடக்கஞ் செய்யும் சடங்கு, யுத்தத்தை முடித்துவைக்கும் சடங்காகவும் ஆக்கப்பட்டது. 1845 இல் வெஸ்ற் பொயின்ற் இராணுவக் கல்லூரியில் பளிங்குத் தூணொன்றும் எழுந்தது. இவ்விரண்டும் இராணுவம் தன்னைத்தானே நினைவுகூர்ந்த சின்னங்கள். களமோ நெடுங்காலத்தின் பின்னரே கவனம் பெற்றது. 1921 இல் புளோரிடாச் சட்டமன்றம் அதனை நினைவிடமாக்க வழிசெய்தது. பின்னர் அது தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று. ஆகவே, இன்று அங்கு நாம் காண்பது உடல்களற்ற நினைவிடமேயாகும்.

இனி, பெயரை நோக்குவோம். நெடுங்காலம் இந்நிகழ்ச்சி 'டேட் படுகொலை' என்றே வழங்கிற்று. படைக்கலம் ஏந்திப் பீரங்கியுடன் சென்ற ஒரு படை, பதுங்கித் தாக்கிய பிறிதொரு படையிடம் தோற்றதைப் படுகொலை என்பது பொருந்துமா? தோற்றவன் இராணுவத்தினனாகவும் வென்றவன் பூர்வீகக் குடியினனாகவும் இருக்கும்போதே அச்சொல் பிறக்கின்றது. இன்று வழங்கும் 'போர்க்களம்' என்ற பெயர் இக்குறையை ஓரளவு நீக்கியுள்ளது எனலாம். எனினும் 'டேட்' என்னும் அடைமொழி நீங்கவில்லை. தோற்ற தளபதியின் பெயர் களத்துக்கு மட்டுமன்றி மாவட்டமொன்றுக்கும் நிலைத்துவிட, வென்ற மூவரின் பெயர்களைக் களம் சூடிக்கொள்ளவில்லை.

சான்றுகளின் நிலையும் இத்தகையதே. உயிர் தப்பிய ரான்சம் கிளார்க்கின் கூற்றே முதலிற் பரவியது. அலிகேட்டரின் கூற்று, ஜோன் ஸ்பிறேக் 1848 இல் வெளியிட்ட யுத்த வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. தம் பக்கத்தில் மூவர் இறந்தனர், ஐவர் காயமுற்றனர் என அவர் கணக்குக் கூறுகின்றார். ஆயின் அக்குரலும் இராணுவ அதிகாரி ஒருவரின் நூல் வழியாகவே எம்மை வந்தடைகின்றது. மூன்றாமவர் லூயி பச்சேக்கோ. மொழிபெயர்ப்பாளராக அழைத்துச் செல்லப்பட்ட கறுப்பின அடிமை அவர். படையைக் காட்டிக்கொடுத்தவர் எனச் சிலர் அவரைப் பழித்தனர். அதே செயலுக்காக, அடிமை ஒழிப்பாளரான ஜோசுவா கிடிங்ஸ் 1858 இல் தம் நூலில் அவரை வீரராக்கினார். தாம் காட்டிக்கொடுக்கவில்லை என்பதே முதுமையில் அவர் கூறியது. பழித்தோரும் புகழ்ந்தோரும் அவரது சொல்லைக் கேட்குமுன்னரே தத்தம் தேவைக்கேற்ப அவரை வனைந்துகொண்டனர் என்பது எமது கருத்து.

இவ்வாறு கூறுவதால் இறந்த படையினர் இரக்கத்துக்கு உரியரல்லர் என்பது பொருளன்று. ஏழ்மையினாற் படையிற் சேர்ந்த சாதாரண மனிதர் அவருட் பலர்; எவருடைய நிலத்தை எவருக்காகப் பறிக்கச் செல்கின்றோம் என்பதைத் தீர்மானித்தவர் அவரல்லர். அன்னார்க்குக் கல் நாட்டுவது தவறன்று. அக்கல்லை மட்டுமே வரலாறாகக் கொள்வதுதான் தவறு.

யுத்தத்தின் விளைவாக மூவாயிரத்துக்கு மேற்பட்ட செமினோல் மக்கள் மேற்கே அனுப்பப்பட்டனர். ஒரு சில நூற்றுவரே தென்புளோரிடாவின் சதுப்பு நிலங்களில் எஞ்சினர். சமாதான உடன்படிக்கை எதுவும் அவர்களுடன் கைச்சாத்திடப்படவில்லை. 1957 இல் அரசாங்கத்தால் அங்கீகரிக்கப்பட்ட புளோரிடாச் செமினோல் மக்கள், வெல்லப்படாதவர் எனத் தம்மை இன்றும் கூறிக்கொள்வர். 1842 இல் கூம்பகங்கள் முடித்துவைக்க முயன்ற யுத்தத்தை இவ்வொரு சொல் முடியாததாக்கி விடுகின்றது. டேட் போர்க்களத்துக்குச் செல்வோர் அங்குள்ள கல்லோடு இச்சொல்லையும் சேர்த்து வாசிப்பாராயின், அக்களம் தன் முழுப் பொருளையும் உணர்த்தும் என்பது எமது துணிபு.