ஐந்து சிட்டிங் போதுமென்றால் இருபது எதற்கு?

கத்தி வேண்டாம் என்று சொல்ல எந்த முதியவருக்கும் உரிமை உண்டு. அமெரிக்காவில் 65 வயது நிரம்பியவர்களுக்கான அரசுக் காப்பீடு மெடிகேர். தோல் புற்றுநோய்க்கான கதிர்வீச்சுச் செலவில் அது கைவைக்கப்போகிறது என்ற பேச்சு கிளம்பும்போதெல்லாம், கருவிகளை விற்கும் நிறுவனங்களும் அவற்றை வாங்கி வைத்திருக்கும் தோல் மருத்துவர்களும் இந்த உரிமையைத்தான் முன்னே நிறுத்துகிறார்கள். இதைப் பறித்தால் முதியவர்களுக்குக் கத்தி ஒன்றே கதி என்கிறார்கள். அந்த வாதத்தில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதி காப்பாற்ற நினைப்பது முதியவரை அல்ல, ஒரு கட்டண முறையை.

நியாயமான பாதியை முதலில் ஒப்புக்கொள்ளலாம். பேசல் செல், ஸ்குவாமஸ் செல் என்னும் தோல் புற்றுகளை அகற்ற, பிரெடெரிக் மோஸ் 1930களில் விஸ்கான்சினில் வகுத்த முறையே இன்றும் முன்னணியில் நிற்கிறது. படலம் படலமாகச் சீவி, ஒவ்வொன்றையும் நுண்ணோக்கியில் பார்த்து, புற்று தீரும்வரை தொடர்வார்கள். முதல்முறை வந்த பேசல் செல் புற்று இதில் 99 விழுக்காடு வரை குணமாகிறது. ஆனால் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் தொண்ணூறு வயதுக்காரரின் கண்ணிமையில் கத்தி வைப்பது எளிதல்ல. மெடிகேர் கதிர்வீச்சைக் கைவிடக் கூடாது என்பதில் சர்ச்சையே இல்லை.

கதிர்வீச்சு அறுவைக்குச் சமம் என்னும்போதுதான் சறுக்கல் தொடங்குகிறது. பிரான்சில் முகத்தில் வந்த பேசல் செல் புற்றுக்கு இரண்டு முறைகளில் ஒன்றைக் குலுக்கல் அடிப்படையில் 347 பேருக்குக் கொடுத்து ஒப்பிட்டார்கள். முடிவு 1997இல் வெளியானது. நான்காண்டுகளில் அறுவை தோற்றது 0.7 விழுக்காட்டினரிடம், கதிர்வீச்சு தோற்றது 7.5 விழுக்காட்டினரிடம். தழும்பின் தோற்றத்திலும் அறுவையே முந்தியது. அவை பழைய கருவிகள், இப்போது அல்ட்ராசவுண்டில் புற்றைப் பார்த்துக்கொண்டே கதிர் பாய்ச்சுகிறோம் என்று பதில் வருகிறது. அதற்குச் சான்றாகக் காட்டப்படும் 2021ஆம் ஆண்டின் ஆய்வு, 2,917 புற்றுகளில் 99.3 விழுக்காடு கட்டுப்பட்டதாகச் சொல்கிறது. ஆனால் அது சிகிச்சைப் பதிவேடுகளைத் திரும்பிப் பார்த்துப் போட்ட கணக்கு. ஒப்பிட்டுப் பார்க்க அறுவை செய்துகொண்ட குழு அதில் இல்லை.

இதைக்கூட விட்டுவிடலாம். விட முடியாதது சிட்டிங் கணக்கு.

அல்ட்ராசவுண்ட் துணையோடு நடக்கும் இந்தச் சிகிச்சை வழக்கமாக இருபது சிட்டிங், சில சமயம் அதற்கும் மேல். வாரத்துக்கு மூன்று நான்கு நாள் என்று பல வாரம் இழுக்கும். மோஸ் அறுவையோ பெரும்பாலும் ஒரே பகலில் முடிந்துவிடும். அறுவையைத் தாங்க முடியாத உடம்பு என்று சொல்லித்தான் அந்த முதியவருக்குக் கதிர்வீச்சு எழுதப்படுகிறது. அதே உடம்பைக் காரில் ஏற்றி இருபது முறை அழைத்துவர வேண்டும். அழைத்துவர மகனோ மகளோ ஒவ்வொரு முறையும் வேலையை விட்டு வரவேண்டும். மெடிகேர் கட்டணத்தில் 80 விழுக்காட்டைத்தான் தருகிறது. துணைக் காப்பீடு இல்லாதவர் மீதி 20 விழுக்காட்டை ஒவ்வொரு சிட்டிங்குக்கும் கைக்காசாகக் கொடுக்கிறார்.

குறைந்த சிட்டிங்கில் முடிக்க வழியே இல்லையா? இருக்கிறது. அமெரிக்கப் புற்றுநோய் மையங்களின் கூட்டமைப்பான என்.சி.சி.என். வெளியிட்ட வழிகாட்டியிலேயே, இரண்டு சென்டிமீட்டருக்கும் சிறிய புற்றுக்கு ஐந்து சிட்டிங்கில் 35 கிரே அளவு கதிர் என்ற அட்டவணை இடம்பெற்றது. தளர்ந்த உடம்புக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எது? ஆனால் மெடிகேர் பணம் தருவது சிட்டிங் கணக்கில். ஐந்தில் முடிக்கும் மருத்துவர் இருபதில் முடிப்பவரைவிடக் குறைவாகச் சம்பாதிக்கிறார். தேர்வுரிமை பேசும் பிரச்சாரம் இந்த ஐந்து சிட்டிங்கை ஏன் முன்னே வைப்பதில்லை?

ஒவ்வொரு சிட்டிங்கிலும் எடுக்கும் படத்துக்கும் தனிக் கட்டணம் உண்டு. பல ஆண்டுகளாக அந்தப் படக் கூலி, கதிர் பாய்ச்சும் கூலியையே விஞ்சி நின்றது. 2026இல் புதிய கட்டணக் குறியீடுகள் வந்த பிறகும் படத்துக்குத் தனிக் குறியீடு நீடிக்கிறது. நுரையீரலிலோ புராஸ்டேட்டிலோ புற்று மூச்சோடும் குடலோடும் நகரும். அங்கே படம் பார்த்துக் குறிவைப்பது உயிர்காக்கும் வேலை. மூக்கின் மேலுள்ள புற்று கண்ணுக்கே தெரிகிறது. அதன் ஆழத்தைத் தொடக்கத்தில் ஒருமுறை அளப்பதில் பொருளுண்டு, நடுவில் இன்னொருமுறை பார்ப்பதிலும் உண்டு. இருபது முறையும் பார்க்க வேண்டும் என்பதற்கு அறுவையோடு ஒப்பிட்ட ஆதாரத்தை முன்வைக்காமல், பொதுப்பணம் மட்டும் கேட்கப்படுகிறது.

இன்னொரு வழி பேச்சிலேயே வருவதில்லை. தோல் மருத்துவர் எலெனி லினோஸ் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஆயுள் குறைவென்று கணிக்கப்பட்ட தோல் புற்று நோயாளிகளில் 43 விழுக்காட்டினர் ஐந்தாண்டுக்குள் இறந்தார்கள். ஒருவர்கூட இந்தத் தோல் புற்றால் இறக்கவில்லை. அப்படிப்பட்டவரிடம் உட்கார்ந்து, இதை இப்போதைக்குத் தொடாமல் கவனித்து வரலாம் என்று விளக்கும் மருத்துவருக்குக் கிடைப்பது சாதாரண ஆலோசனைக் கட்டணம் மட்டுமே. மேலோட்டமான பேசல் செல் புற்றுக்கு இமிகுவிமாட் களிம்பும் இருக்கிறது. பிரிட்டனில் நடந்த ஆய்வில் ஐந்தாண்டுக்குப் பின் அது 82.5 விழுக்காட்டினரிடம் பலித்தது, அறுவையின் 97.7க்குக் குறைவுதான். ஆனால் களிம்பை வீட்டிலேயே தடவிக்கொள்ளலாம். இவையும் அறுவையில்லா வழிகள்தாம். இவற்றுக்காக யாரும் பிரச்சாரம் நடத்துவதில்லை, ஏனென்றால் இவற்றில் விற்கக் கருவி இல்லை.

மெடிகேர் செய்யவேண்டியது, கதிர்வீச்சுச் சிகிச்சை முழுவதற்கும் ஒரே தொகை நிர்ணயிப்பது. ஐந்தோ இருபதோ, எத்தனை சிட்டிங் என்பதை நோயாளியின் உடல்நிலை முடிவுசெய்யட்டும். இது புதுக் கற்பனையும் அல்ல. 90 நாள் கதிர்வீச்சுக்கு ஒரே தொகை என்ற திட்டத்தை மெடிகேர் நிர்வாகமே 2019இல் முன்மொழிந்து, பலமுறை தள்ளிப்போட்டு, 2022இல் காலவரையின்றி ஒத்திவைத்தது. அந்தத் திட்டத்தின் புற்றுநோய்ப் பட்டியலில்கூடத் தோல் புற்று இல்லை. அதை மீண்டும் எடுத்து, தோல் புற்றையும் சேர்க்கவேண்டும்.