ஃபராகோ என்றால் என்ன?

2017 மே மாதம் சசி தரூர் ஒரு ட்வீட்டில் 'ஃபராகோ' என்று எழுதியதும் பலர் அகராதியைத் தேடி ஓடினார்கள். நாங்கள் ஓடவில்லை. ஓசூரில் ஏறிய ஆபீஸ் பஸ் அத்திப்பள்ளி தாண்டுவதற்குள் ஆளுக்கொரு அர்த்தம் சொல்லியாக வேண்டும் என்று ஆட்டம் போட்டோம். "ஃபெராரி வாங்கக் காசில்லாதவன் வாங்குற கார்" என்றேன் நான். சிரித்தார்கள். பின்சீட்டு நண்பன் சொன்னான்: "மீட்டிங்ல புரியாத வார்த்தை வந்ததும் புரிஞ்ச மாதிரி தலையாட்டுவோம்ல, அதுக்குப் பேரு ஃபராகோ." ஒரு நொடி அமைதி. அப்புறம்தான் பஸ்ஸே குலுங்கியது.

என் ஜோக் வெறும் ஓசை. அவனுடையது, நாங்கள் எல்லாரும் மறைத்து வைத்திருந்த ஒன்றுக்குப் பெயர் வைத்தது. பொய் அர்த்தங்களில் தேறுவதும் தேறாததும் இங்கேதான் பிரிகின்றன.

ஆம்ப்ரோஸ் பியர்ஸின் 'டெவில்ஸ் டிக்ஷனரி' (1911) எல்லாருக்கும் தெரிந்த சொல்லை எடுத்து அர்த்தத்தைத் திருகுகிறது. கூர்மையான புத்தகம்தான். ஆனால் இருபது பக்கம் போனால் அடுத்த குத்து எங்கே விழும் என்று நமக்கே தெரிந்துவிடுகிறது. டக்ளஸ் ஆடம்ஸும் ஜான் லாயிடும் எழுதிய 'தி மீனிங் ஆஃப் லிஃப்' (1983) வேறு வழியில் போகிறது. ஊர்ப் பலகைகளில் சும்மா நிற்கும் பெயர்களை எடுத்து, தினமும் நடந்தும் பெயரில்லாமல் கிடக்கும் சின்னச் சின்ன அனுபவங்களுக்குச் சூட்டுகிறது. லிஃப் என்பதே ஸ்காட்லாந்தில் ஓர் ஊர். பியர்ஸிடம் இருப்பது கசப்பு, இவர்களிடம் இருப்பது கவனிப்பு. கவனிப்பு அவ்வளவு சீக்கிரம் சலிப்பதில்லை.

லிஃப்பிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. அதில் பெயர் வெறும் லேபிள். ஊரின் கதை உள்ளே வருவதே இல்லை. அரிய சொல்லை வைத்து விளையாடும்போது நாமும் அதைத்தான் செய்கிறோம். கேம்பஸ் இன்டர்வியூ குரூப் டிஸ்கஷனில் ஒரு சொல் புரியாமல் கடைசிவரை வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தவன் நான். பஸ்ஸில் சிரித்தபோது அந்த நாளுக்குப் பழி தீர்த்த மாதிரி இருந்தது. சிரிப்பு அவமானத்தைத் துடைத்தது. தெரியாமையை அப்படியே விட்டுவிட்டது.

அன்று ராத்திரி அகராதியைத் திறந்தேன். ஃபராகோ: கதம்பக் குழப்பம். லத்தீன் மூலத்தில், மாட்டுக்குப் போடும் கலப்புத் தீவனம்.

எங்கள் ஜவளகிரிப் பக்கம் ராகிக்குள்ளேயே அவரையும் விதைப்போம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்துபோகும். எந்த ஃபராகோவைக் கண்டு மிரண்டோமோ, அதன் நடுவில்தான் வளர்ந்திருக்கிறோம். எந்தப் பொய் அர்த்தமும் இதைவிட நன்றாக இருக்க முடியாது. அதனால் இப்போது ஆட்டத்தில் ஒரு விதி சேர்த்திருக்கிறேன்: சிரித்து முடித்ததும் அகராதியைத் திறக்க வேண்டும்.

அம்மாவிடம் சொன்னேன். "மாட்டுத் தீவனத்துக்கா இவ்ளோ பேரு?" என்றாள்.