களைக்கு மேலே ஓடும் தகடு

அமெரிக்காவின் விஸ்கான்சின், மினசோட்டா ஏரிகளில் மஸ்கி மீன் பிடிப்பவர்களிடம் களை மண்டிய இடத்துக்கு எந்தச் செயற்கை இரை என்று கேட்டால், முதலில் வரும் பெயர்களில் பக்டெயிலும் ஒன்று. இரண்டு பெரிய தகடுகள் கம்பியைச் சுற்றிச் சுழல, பின்னால் மான்வால் மயிரோ மினுக்கு இழையோ தூண்டில் முட்களை மறைத்தபடி வரும். களை நுனிக்கு மேல் ஒரு அடித் தண்ணீர் இருந்தால் போதும். வேகமாகச் சுருட்டி ஒரே காலையில் ஏரியின் பெரும்பகுதியைத் துழாவிவிடலாம். பத்தாயிரம் வீச்சுக்கு ஒன்று என்று பெயர் வாங்கிய மீனைத் தேட இந்த வேகம் பெரிய பலம்தான். தகட்டின் அதிர்வைக் கலங்கல் நீரிலும் மஸ்கி உடலால் உணர்ந்துகொள்ளும்.

ஆனால் தேடுவது வேறு, பிடிப்பது வேறு. பக்டெயிலில் எத்தனையோ மீன் சிக்கியிருக்கிறதே என்பார்கள். சிக்கத்தான் செய்யும், எல்லோரும் அதையே வீசினால் கணக்கும் அதன் பெயரில்தானே ஏறும்! கோடை முற்றிக் களை மேல்மட்டத்தைத் தொட்டதும் அதன் மும்முனை முட்களே அதற்குப் பகை. அங்கும் களைக்குக் களை வித்தியாசம் உண்டு. அகன்ற இலையுள்ள ‘கேபேஜ்’ களை மொறுமொறுப்பானது. பின்னல் நூலை ஒரு சுண்டு சுண்டினால் முறிந்து இரையை விட்டுவிடும். மில்ஃபாயில் களை அப்படியல்ல, ஈர நூல்போலச் சுற்றிக்கொள்ளும். இலை தொங்கும் இரையை மஸ்கி பெரும்பாலும் சீண்டாது. மில்ஃபாயில் மண்டிய இடத்தில் மேல்நோக்கிய ஒற்றை முள்ளும், அதற்கு முன்னால் வளைந்த கம்பியும் உள்ள ஸ்பின்னர்பெய்ட்தான் பொருத்தம். ஒற்றை முள் நழுவும் என்ற குறையை மறுக்க முடியாது. ஆனாலும் நழுவுவதற்கு முதலில் மீன் கடிக்க வேண்டுமே.

இரையைப் பற்றிய இந்த வாதமெல்லாம் படகருகே வந்ததும் பாதி அர்த்தம் இழக்கிறது. கடிக்காமல் படகுவரை பின்தொடர்ந்து வருவது மஸ்கியின் பழக்கம். அதனால் ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் கோலின் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு எட்டு போட வேண்டும். ஓட்டுநர் உரிமத்துக்குப் போடும் அதே எட்டுதான், வளைவு மட்டும் இன்னும் அகலமாக. மஸ்கியின் நீண்ட உடல் சட்டென்று திரும்பாது. வேகமாகச் சுருட்டிப் பழகிய கை இந்த எட்டைத்தான் முதலில் கைவிடுகிறது. பக்டெயில் முறையின் உண்மையான பலவீனம் முள்ளில் இல்லை, இந்த அவசரத்தில் இருக்கிறது. மீன் சிக்கிய பிறகோ அவசரம் நல்லதுதான். எண்பது பவுண்டு பின்னல் நூலைச் சிலர் முரட்டுத்தனம் என்கிறார்கள். களைக்குள் மீனை இழுபறியில் களைக்கவிடாமல் சீக்கிரம் கரை சேர்ப்பது அதுதான். இருந்தாலும் தண்ணீர் 27 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால் எந்த நூலும் உதவாது: நன்றாக நீந்திப் போனதுபோல் தெரிந்த மீனும் பிறகு செத்துப்போகலாம். அன்றைக்குக் கோலை எடுக்காமலிருப்பதே சரி.