யார் யாரை அழைப்பது?

கொரோனா பெருந்தொற்றால் 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. அதே நாளில் மத்திய அரசு தொலைமருத்துவ நெறிமுறைகளையும் வெளியிட்டது. நேரில் பார்க்காமல் மருந்து எழுதலாமா என்று தயங்கிக்கொண்டிருந்த மருத்துவர்களுக்கு அது பெரிய தெம்பு. பேருந்துகள் நின்றிருந்தன, புறநோயாளிப் பிரிவுகள் சுருங்கியிருந்தன. மாத்திரை விட்டுப்போனால் மனச்சிதைவு திரும்பிவிடும் என்பதைப் பல வீடுகள் பட்டே அறிந்தவை. அந்த ஆண்டு உலக சுகாதார நிறுவனம் 130 நாடுகளில் விசாரித்தபோது, 93 சதவீத நாடுகளில் முக்கியமான மனநல சேவைகள் தடைபட்டோ நின்றோ போயிருந்தன. எல்லோரும் போனை நம்பியதில் வியப்பில்லை.

அந்த நம்பிக்கை வீணானதும் அல்ல. சென்னையின் மனநல நிறுவனமான ஸ்கார்ஃப் பெருந்தொற்றுக்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பத் தொடங்கியது. நோயாளி பேருந்துக்குள் உட்கார்ந்து, சென்னையில் இருக்கும் மருத்துவரிடம் திரைவழியே பேசுவார். மருந்துச் சீட்டு அங்கேயே அச்சாகும், மாத்திரையும் அங்கேயே கிடைக்கும். நோயாளியின் வீட்டை அறிந்த களப்பணியாளரும் கையோடு கிடைத்த மருந்தும்தான் அந்த ஏற்பாட்டின் தூண்கள். 2020இல் அவசரமாகத் தொடங்கிய பல சேவைகள் அதில் திரையை மட்டும் எடுத்துக்கொண்டன.

திரைக்கு எட்டாதவை பல. மருந்தால் கை விறைத்திருக்கிறதா என்பதை மடக்கிப் பார்த்தால்தான் தெரியும். லித்தியம் சாப்பிடுகிறவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி நஞ்சாகலாம்; அதை அளக்க ஆய்வகம் வேண்டும். மற்ற மருந்துகள் பலிக்காத மனச்சிதைவுக்குக் கொடுக்கும் குளோசபின், வெள்ளணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடக்கூடியது. அதனால் பல நாடுகளில் முதல் 18 வாரங்களுக்கு வாராவாரம் இரத்தப் பரிசோதனை உண்டு. 2020இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து ஒரு தளர்வைப் பரிந்துரைத்தார்கள்: ஓராண்டுக்கு மேல் சிக்கலின்றி எடுத்து வருபவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். புதிதாகத் தொடங்குபவருக்கு அந்தச் சலுகை இல்லை. யாருக்குத் தளர்த்தலாம், யாருக்குக் கூடாது என்று பிரித்துப் பார்த்த நல்ல முடிவு அது. தொலைவழிச் சேவை முழுவதிலுமே இப்படிப் பிரித்துப் பார்ப்பது தேவைப்பட்டது.

2020 தொலைமருத்துவ நெறிமுறையின்படி, முதன்முறை பார்க்கும் நோயாளிக்குச் சீட்டு மருந்து எழுத வீடியோ கட்டாயம். விதி நியாயமானதுதான். ஆனால் பட்டன் போன் வைத்திருப்பவருக்கு அந்த வாசல் மூடியே இருந்தது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தாமே பயன்படுத்தும் கைபேசி உள்ள பெண்கள் இந்தியாவில் சுமார் 54 சதவீதம். தூக்கத்தையும் நடமாட்டத்தையும் கைபேசி வழியே கவனித்து, நோய் திரும்புவதை முன்கூட்டியே கண்டறிய முடியுமா என்று பாஸ்டன், பெங்களூரு, போபால் ஆய்வாளர்கள் சேர்ந்து ஆராய்ந்தார்கள். அருமையான முயற்சி. ஆனால் ஒரே கைபேசியில் பகலில் மகன் பாடம் படித்து, இரவில் கணவர் படம் பார்க்கும் வீட்டில், அது பதிவுசெய்வது யாருடைய தூக்கத்தை?

ஒற்றை அறை வீட்டில் கணவரும் மாமியாரும் அருகில் இருக்க, போனில் “எப்படி இருக்கீங்கம்மா?” என்று கேட்டால், “நல்லாத்தான் இருக்கேன் டாக்டர்” என்ற பதில்தான் வரும். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று அந்த இடத்தில் கேட்கவே முடியாது. வீட்டில் அடிபடுகிற பெண்ணுக்கு இப்படி உண்மையை மறைக்க நேர்வது உயிர் சம்பந்தப்பட்டது.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை வேறொன்று. உதவி எண்ணை அறிவித்துவிட்டு அதையே கண்காணிப்பு என்று கணக்குக் காட்டுவது. 2020 செப்டம்பரில் மத்திய அரசு ‘கிரண்’ எண்ணைத் தொடங்கியது. 2022 அக்டோபரில் ‘டெலி மானஸ்’ என்ற பெயரில் 14416 வந்தது. இரண்டும் தேவையானவை. ஆனால் இத்தகைய எண்கள் நோயாளி கூப்பிடுவதற்காகக் காத்திருப்பவை. மனச்சோர்வில் மூழ்குகிறவர் எழுந்து எண்ணை அழுத்துவதில்லை. தனக்கு நோயே இல்லை என்று நம்புகிற மனச்சிதைவு நோயாளி ஏன் அழைக்கப்போகிறார்? பெருந்தொற்றின்போதே கேரளம் இதைப் புரிந்துகொண்டு செயல்பட்டது. ‘ஒற்றைக்கல்ல ஒப்பமுண்டு’ திட்டத்தில் மனநல ஆலோசகர்களே தனிமைப்படுத்தப்பட்டவர்களை அழைத்தார்கள். ஏற்கெனவே மனநோய் உள்ளவர்களையும் தனியாக வாழும் முதியவர்களையும்கூடத் தேடிப் பேசினார்கள். ஆபத்தில் இருப்பவரைக் கவனிப்பது என்றால் அழைப்பு இந்தத் திசையில் போக வேண்டும்.

தமிழ்நாட்டில் அதற்கான பாதை இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளோடு வீடு தேடிப் போகிறார்கள். அதே வழியில், மாவட்ட மனநலத் திட்டத்தில் பதிவானவர் மருந்து வாங்க வராவிட்டால், முதலில் ஒரு போன் போக வேண்டும். எடுக்காவிட்டால் அந்த வாரமே வாசலில் ஒருவர் நிற்க வேண்டும். ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சம் நியாயமானது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டமும் நோயாளியின் ரகசியம் காக்கும் உரிமையை உறுதிசெய்கிறது. ஆகவே சம்மதம் கேட்டே இந்தக் கண்காணிப்பில் பெயரைச் சேர்க்க வேண்டும். குளோசபின், லித்தியம் எடுப்பவர்களிடமும் அண்மையில் தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களிடமும் அந்தச் சம்மதத்தை முதலில் கேட்கலாம், அடுத்த தொற்று வருவதற்கு முன்பே.